கோச் அழுத வீடு

வேட் ஹோல்காமுக்கு அழுகை நன்றாக வரும். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் சொல்வார்கள். பெல்ஃபோர்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து அணியில் அவன் ரிசீவர் கோச். அதாவது, ஓரமாக ஓடிப்போய், தலைக்கு மேல் பறந்து வரும் பந்தைக் கையால் பிடிக்கிற பையன்களுக்குப் பயிற்சி தருகிறவன். அந்தப் பையன்களுக்கு ஓடவும் பிடிக்கவும் தெரிந்ததால்தான் பல்கலைக்கழகமே அவர்களைக் கூப்பிட்டிருக்கிறது. அதற்குமேல் இவன் எதைச் சொல்லித் தருகிறான் என்பது யாருக்கும் விளங்கியதில்லை. முன்வரிசைத் தடியன்களைப் பழக்கும் டீட்ஸ் என்கிற மூத்த கோச் மட்டும் சாப்பாட்டு மேஜையில் வாய்விட்டே கேட்பார்.

"ஏண்டா வேட், இன்னைக்கு என்ன பாடம் எடுத்தே? ஓடுன்னு சொன்னியா, பிடின்னு சொன்னியா?"

"ரெண்டும் சொன்னேண்ணே."

"ஒரே நாள்லயா? பாத்துடா, மூளை சூடாயிடப் போவுது."

எல்லோரும் சிரிப்பார்கள். வேட்டும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்காவிட்டால் அந்தத் தொழிலில் காலம் தள்ள முடியாது. உண்மையில் அவன் வாங்குகிற சம்பளம் ஆள் பிடிக்கிற வேலைக்கு. ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூடப் பையன்களின் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து, அம்மாக்காரி தட்டில் வைக்கிறதை எல்லாம் மிச்சம் வைக்காமல் தின்று, உங்கள் பிள்ளை இனி என் பிள்ளை என்று கண்கலங்க வேண்டும். எந்த வார்த்தைக்கு எந்தக் கண்ணில் நீர் வர வேண்டும் என்பது வரை அவனுக்கு அத்துப்படி.

இந்த உயரத்துக்குத் தான் வந்ததே ஒரு பெரிய கதை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி ஒன்றும் இல்லை. டென்னசியில் ஒரு சின்னக் கல்லூரியில் விளையாடினான். பிடித்த பந்தைவிட நழுவவிட்டதுதான் அதிகம். படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய கோச்சிடம் எடுபிடியாக ஒட்டிக்கொண்டான். மேற்படிப்பு மாணவன் என்று பெயர். பார்த்த வேலையெல்லாம் கோச்சின் வண்டியைக் கழுவுவதும், வெள்ளிக்கிழமை வறுத்த கோழி வாங்கி வருவதும், எதிரணியின் ஆட்டங்களை அட்டையில் வரைந்து தருவதும்தான். அந்தக் கோச்சுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தபோது எடுபிடியையும் கூட்டிக்கொண்டு போய் ரிசீவர் கோச் என்று பெயர் சூட்டினார். அவரை அங்கிருந்து துரத்தியபோது இவனையும் துரத்தினார்கள். அப்புறம் கென்டக்கி, ஓஹையோ, லூசியானா, மறுபடி டென்னசி, டெக்சாஸ், இப்போது ஆர்கன்சாஸ். எந்த ஊரிலும் மூன்றாவது கிறிஸ்துமஸுக்கு மரம் வைத்ததில்லை.

இந்தக் கூட்டத்தில் மேலே ஏறுவதற்கென்று சில முறைகள் உண்டு. எவனாவது தலைமைக் கோச் ஆனால் செய்தி வந்த நிமிடமே 'பெருமையா இருக்குண்ணே' என்று எழுதி அனுப்ப வேண்டும். எவனுக்காவது வேலை போனால் அவன் எண்ணை மறந்துவிட வேண்டும். ஜனவரியில் நாட்டிலுள்ள கோச்சுகளெல்லாம் மாநாடு என்று ஒரு ஹோட்டலில் கூடுவார்கள். உள்ளே உரை நடக்கும் அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். வெளியே வரவேற்புக் கூடத்தில்தான் நெரிசல். வேலை கேட்கிறவனும் கொடுக்கிறவனும் அங்கேதான் நிற்பான். காலையிலிருந்து சாயங்காலம் வரை, ஒருவன் தோளுக்கு மேல் இன்னொருவனைப் பார்த்துக்கொண்டே கை குலுக்குவதில் வேட் மன்னன். ஓர் ஊரை விட்டுக் கிளம்பும்போது தன் பையன்களுக்கு எப்போதும் ஒரே செய்திதான் அனுப்புவான்: 'நாம என்னைக்கும் ஒரே குடும்பம்.' பெரும்பாலும் விமான நிலையத்திலிருந்து அனுப்புவான்.

அந்த வருடம் பெல்ஃபோர்ட் ஸ்டேட் போகிற இடமெல்லாம் உதை வாங்கியது. தலைமைக் கோச் கிளின்ட் மார்பரி தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள, தாக்குதல் ஆட்டத்தை வகுத்துக் கொடுத்தவரை வீட்டுக்கு அனுப்பினார். அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தால் அப்புறம் தலைமைக் கோச் பதவிக்கு ஒரே ஒரு படிதான். வேட்டுக்குத் தூக்கமே போயிற்று. மார்பரி அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"மிசிசிப்பில அந்த ட்ரேவியஸ் கெய்ன்ஸ் பையன். நம்ம பல்கலைக்கழகமா, ஹார்டன் டெக் பல்கலைக்கழகமான்னு நிக்கறான். புதன்கிழமை கையெழுத்து. அவனைக் கொண்டாந்து நிறுத்து, நாற்காலி உனக்கு. இல்லேன்னா வெளியிலேர்ந்து ஒருத்தன் வருவான், அவன் ஆளுங்களோட வருவான். உனக்கு இங்க இடம் இருக்காது. புரியுதா?"

"அவங்க அம்மாவை நான் பாத்துக்கறேன் கோச்."

"அழுதுடு."

"அழுதுடறேன் கோச்."

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்து ஜனங்கள் வீடு திரும்பிய நேரத்தில், வேட் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். அன்றைக்கு அதற்குள் இரண்டு வீடுகளில் சாப்பிட்டாயிற்று. இடுப்பு வாரை ஒரு துளை தளர்த்திக்கொண்டான். வண்டியில் உட்கார்ந்தபடியே செல்போனில் இருந்த குறிப்பை மேய்ந்தான். அம்மா வெர்னீஸ், ரத்தம் சுத்திகரிக்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா இறந்துவிட்டார். அண்ணன், வீட்டில் டிங்க் என்று கூப்பிடுவார்கள். பையனுக்குப் பிடித்தது மீன் பிடிப்பது. இது போதும் என்று இறங்கினான்.

"வெர்னீஸம்மா! வாசல்லயே வாசனை ஆளைத் தூக்குது!"

"உள்ள வாங்க கோச். கை கழுவிட்டு உக்காருங்க."

கெளுத்தி மீன் வறுவல், கீரை, சோள ரொட்டி, சீஸ் ஊற்றிய மக்ரோனி. ட்ரேவியஸ் எதிரே உட்கார்ந்திருந்தான். நீளக் கைகள், அதிகம் பேசாத வாய். சமையலறையிலிருந்து பாத்திரங்களைத் தூக்கி வந்தவன் அண்ணன் டிங்க். கதவை அடைக்கிற ஆகிருதி. நடையில் மட்டும் வலதுகாலை லேசாக இழுத்தான். வேட்டுக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"என்னா உடம்புய்யா இது! தம்பி, நீயும் ஆடியிருக்கணுமே?"

"கொஞ்ச நாள் ஆடினேன் கோச்."

"ரிசீவரா?"

"ஆமா."

"எவன்யா உனக்குக் கோச்சா இருந்தவன்? இந்த உடம்பை வச்சு உன்னை மேல கொண்டுவரத் தெரியலையே அந்த முட்டாளுக்கு!"

டிங்க் கீரைக் கிண்ணத்தை அவன் பக்கத்தில் வைத்தான். "நல்லாப் பேசுவார். ஆட்டம் தொடங்குமுன்னே போயிட்டார்."

"சில பேரு அப்படித்தான். நம்ம தொழிலுக்கே கேவலம்," என்றான் வேட், மீனின் முள்ளை உருவிக்கொண்டே.

ட்ரேவியஸ் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். வெர்னீஸ் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தினாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேட் அதைப் பயபக்தி என்று எடுத்துக்கொண்டான். அம்மாக்கள் தன்னை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

ட்ரேவியஸ் முதன்முறையாக வாயைத் திறந்தான். "கோச், நேரா ஓடிட்டு சட்டுனு உள்பக்கம் திரும்பறப்ப, எனக்கு ஒரு அடி கூடுதலா விழுது. பின்னால வர்றவன் எட்டிப் பிடிச்சிடறான். அதை எப்படிச் சரி பண்றது?"

"நல்ல கேள்வி தம்பி. அதெல்லாம் இங்கதான் இருக்கு." வேட் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "மனசுல உறுதி இருந்தா கால் தானாத் திரும்பும்."

பையன் தலையாட்டினான்.

தட்டு காலியானதும் எல்லோரும் சோஃபாவுக்கு வந்தார்கள். வேட் முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, குரலைத் தாழ்த்தினான். எட்டு மாநிலத்து அம்மாக்களை மடக்கிய குரல் அது.

"வெர்னீஸம்மா, நான் உங்க பிள்ளையைக் கூட்டிட்டுப் போக வரலை. உங்க குடும்பத்துல ஒருத்தனா சேர வந்திருக்கேன். எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது எங்கப்பா வீட்டை விட்டுப் போயிட்டார்."

அவன் அப்பா ஒரு வீட்டையும் விட்டுப் போகவில்லை. ஃபுளோரிடாவில் அம்மாவுடன் சுகமாக கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எங்கம்மா, சமையல்கட்டுல நின்னுகிட்டு..." இங்கே தொண்டை அடைக்க வேண்டும். அடைத்தது. இடது கண்ணில் நீர் திரண்டது. அது கன்னத்தில் இறங்கட்டும் என்று வேட் காத்திருந்தான்.

"'ஆண்டவரே, என் பிள்ளைக்கு ஒரு ஆம்பளைத் துணையைக் காட்டும்'னு அழுதாங்க," என்றாள் வெர்னீஸ். "அதானே கோச்?"

வேட்டின் கண்ணீர் அரைக் கன்னத்தில் நின்றது. "ஆமாம்மா. உங்களுக்கு எப்படி..."

"மேல சொல்லுங்க. அடுத்து என் கையைப் பிடிக்கணும். பிடிச்சுகிட்டு, 'அந்தத் துணையா நான் இருக்கேன், உங்க மகன் பட்டம் வாங்கற அன்னைக்கு உங்க பக்கத்து நாற்காலி எனக்கு'ன்னு சொல்லணும். லூசியானாவில, எங்க பழைய வீட்டுல, இதே சோஃபாவுலதான் சொன்னீங்க. அப்ப உங்க சட்டை பச்சை. அப்ப இருந்த புருஷன் வேற, அவர் வழியா வந்த குடும்பப் பேரும் வேற. அதனால உங்களுக்குத் தெரியலை போல."

ட்ரேவியஸுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கக் குஷனைக் கட்டிக்கொண்டான்.

"என் மூத்தவன் புதன்கிழமை கையெழுத்துப் போட்டான்," என்றாள் வெர்னீஸ். "வெள்ளிக்கிழமை டிவியில உங்களைக் காட்டுனாங்க. வேற ஊரு, நீலச் சட்டை. எங்களுக்கு ஒரு செய்தி வந்துச்சு, என்னைக்கும் ஒரே குடும்பம்னு. அடுத்து வந்த கோச்சுக்கு அவன் யாருன்னே தெரியாது. முட்டி போனதும் இடமில்லைன்னுட்டாங்க. உங்களுக்குப் போன் பண்ணான். நீங்க எடுக்கலை. மறுபடி பண்ணான். அப்புறம் அந்த நம்பருக்கு அவன் போன் போகவே இல்லை, தடுத்து வச்சிட்டீங்க."

வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்தில் வந்திருக்க வேண்டும். வேட்டுக்கு வந்தது நாற்காலியின் ஞாபகம். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். மண்டியிட்டாவது இந்த அம்மாவை மடக்கியாக வேண்டும். அவன் உண்மையிலேயே ஒரு காலை மடித்துத் தரையில் ஊன்றினான்.

"அம்மா, அப்ப நான் விவரம் தெரியாதவன். இந்தத் தொழில் அப்படி. அந்தப் பையனுக்காக நான் ஜெபம் பண்ணாத நாள் கிடையாது. சத்தியமாச் சொல்றேன், அவன் முகம் என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"கண்ணுக்குள்ளயேவா?"

"கண்ணுக்குள்ளயேம்மா."

"அவன்தான் உங்களுக்குக் கீரை கொண்டாந்து வச்சான்."

வேட் திரும்பிப் பார்த்தான். டிங்க் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"சரி, பேராவது சொல்லுங்க," என்றாள் வெர்னீஸ். "டிங்க் இல்ல. அது நாங்க கூப்பிடறது. ஞானஸ்நானத்துல வச்ச பேரு. நீங்க இந்த சோஃபாவுல உக்காந்து எத்தனை தடவை சொன்ன பேரு!"

வேட் யோசித்தான். எட்டு மாநிலங்கள், எத்தனை சோஃபாக்கள், எத்தனை பையன்கள். "டெ..." என்று ஆரம்பித்து அவள் முகத்தைப் பார்த்தான். "டெரெக்?"

ட்ரேவியஸ் குஷனுக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். வெர்னீஸ் சிரிக்கவில்லை. தரையில் முட்டி போட்டிருந்தவனை, செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"லாமார்கஸ்," என்றான் டிங்க். "விடுங்க கோச். எந்திரிங்க, கால் வலிக்கப் போவுது."

விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வெர்னீஸ் வெண்ணெய்க் கேக்கில் இரண்டு துண்டை அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்து, கதவைச் சாத்தினாள். வேட் வண்டியில் உட்கார்ந்து ஒரு துண்டைத் தின்றான். பிறகு மார்பரியைக் கூப்பிட்டான்.

"என்னாச்சு?"

"அந்தம்மா அப்படியே உருகிட்டாங்க கோச். என்னைப் பேசவே விடலை, நான் சொல்ல வந்ததெல்லாம் அவங்களே சொல்றாங்க."

"பலே!"

அடுத்து மனைவி ஷெல்பியைக் கூப்பிட்டான். அவள் கேட்டது ஒன்றுதான். "அட்டைப் பெட்டி எடுத்து வைக்கவா?"

"ஏன் எப்பவும் அபசகுனமாப் பேசறே?"

"அபசகுனமா? போன தடவை கட்டுன பெட்டியில நாலு இன்னும் பிரிக்கவே இல்ல. சும்மாதான் கேட்டேன்."

அவளோடு பேசி முடித்ததும் செல்போனில் விரல் பறந்தது. அந்த வாரம் எங்கெங்கே யார் யார் தலைமைக் கோச் ஆகியிருந்தார்களோ அத்தனை பேருக்கும் 'பெருமையா இருக்குண்ணே' போயிற்று. கான்சாஸில் புதிதாகப் பதவி ஏற்றிருந்த ரஃபர்ட்டிக்கு மட்டும் இரண்டு முறை அனுப்பினான்.

புதன்கிழமை காலை, ட்ரேவியஸின் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மேஜை போட்டு, இரண்டு தொப்பிகளை வைத்தார்கள். எந்தத் தொப்பியைத் தலையில் வைக்கிறானோ அந்தப் பல்கலைக்கழகம். பெல்ஃபோர்டில் கோச்சுகள் எல்லோரும் பெரிய திரைக்கு முன்னால் கூடியிருந்தார்கள். அதைப் படம் பிடிக்க ஒரு கேமராவும் வந்திருந்தது. வேட் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் நின்றான். ட்ரேவியஸ் அம்மாவைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், கையை ஹார்டன் டெக் தொப்பியின் மேல் கொண்டுபோய் ஊரையே ஏமாற்றிவிட்டு, பெல்ஃபோர்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

அறை அதிர்ந்தது. மார்பரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து வேட்டைக் கட்டிப் பிடித்துத் தூக்கினார். "இவன்தான்! இவன்தான் கொண்டாந்தான்!"

டீட்ஸ் வாய் பிளந்தார். "அழுதே சாதிச்சுட்டியேடா பாவி!"

நடந்ததை வேட்டே இரண்டு நிமிடத்தில் மறந்துவிட்டான். அந்த அம்மா கோபப்பட்டதெல்லாம் பாசத்தில்தான், தன் மனம் திறந்த பேச்சு உள்ளே போய் வேலை செய்துவிட்டது என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒரு நிருபரிடம், "ஒரு தாயோட நம்பிக்கையைச் சம்பாதிக்கறது சாதாரண விஷயமில்லைங்க," என்றும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கேமரா போனதும் மார்பரி அவனை அறைக்குக் கூப்பிட்டார். "கதவைச் சாத்திட்டு உக்காரு."

வேட் உட்கார்ந்தான். முகத்தில் பதவி ஏற்பதற்கான அடக்கத்தை வரவழைத்துக்கொண்டான்.

"அந்தம்மா திங்கட்கிழமை எனக்குப் போன் பண்ணாங்க."

"நன்றி சொல்லவா கோச்?"

"பையனுக்கு நம்ம ஆட்டம் பிடிச்சிருக்காம். பந்து எறியற நம்ம பையனைப் பிடிச்சிருக்காம். வீட்டுலேர்ந்து வண்டியில வந்து பாத்துட்டுப் போற தூரம்தானாம். வர்றேன்னுட்டான். ஒரே ஒரு விஷயம்தான் இடிக்குதுன்னாங்க."

"என்ன விஷயம் கோச்?"

"நீ."

வேட் சிரித்தான். மார்பரி சிரிக்கவில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொல்ல நினைச்சேன். அதுக்குள்ள, சரி, அவனை அனுப்பிடறேன்னு வாயில வந்துடுச்சு."

"அப்ப அந்த நாற்காலி?"

"திங்கட்கிழமை சாயங்காலமே ஆள் பேசியாச்சு. அவன் தன்னோட ரிசீவர் கோச்சைக் கூட்டியாறான். அதுக்கென்ன, ஒரு கல்லை விட்டெறிஞ்சா பத்து ரிசீவர் கோச் மேல படும்."

"கோச், இப்பதானே எல்லார் முன்னாடியும் என்னைக் கட்டிப் பிடிச்சீங்க!"

"கேமரா இருந்துச்சுல்ல," என்றார் மார்பரி. அவர் அதில் ஒரு தப்பும் காணவில்லை. தப்பு என்று சொல்ல வேட்டுக்கும் வாய் வரவில்லை. அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

வண்டி நிறுத்துமிடத்தில், தன் வண்டிக்குள் உட்கார்ந்து, வேட் கடைசி முயற்சியாக ட்ரேவியஸைக் கூப்பிட்டான். பின்னணியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது.

"தம்பி, அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். நீ சொன்னா கேப்பாங்க."

"எதுக்கு கோச்?"

"நாம சேர்ந்து எவ்வளவோ சாதிக்கலாம். உனக்காகத்தானே நான் இவ்வளவு பாடுபட்டேன்."

"எனக்கு நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான் கோச்," என்றான் பையன். குரலில் கோபம் இல்லை. "எங்கண்ணன்கூட அம்மாகிட்ட சொல்லிப் பாத்தான். அந்தாளு இருந்துட்டுப் போகட்டும், எப்படியும் தானாக் கிளம்பிடுவாருன்னு. அம்மாதான் முடியவே முடியாதுன்னுட்டாங்க."

"அப்படிச் சொல்லாதே. உனக்கு நான் சொல்லித் தர வேண்டியது எவ்வளவோ இருக்கு."

"என்ன கோச்?"

பையன் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். வேட் வாயைத் திறந்தான். ஒரே ஒரு விஷயம் சொன்னால் போதும். காலைப் பற்றி, கையைப் பற்றி, பந்தைப் பற்றி, ஏதாவது ஒன்று. இத்தனை வருடம், இத்தனை ஊர், இத்தனை மைதானம். தேடித் தேடிப் பார்த்தான். ஒன்றும் அகப்படவில்லை. அவன் பயந்துபோனான்.

"அதெல்லாம் போன்ல சொல்ல முடியாது தம்பி," என்றான்.

"சரி கோச். வச்சிடறேன்," என்றான் ட்ரேவியஸ்.

வேட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அந்தப் பயம் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே தங்கியிருந்தால் அவனுக்கு ஏதாவது நல்லது நடந்திருக்கலாம். ஆனால் உடனே செல்போன் மறுபடி அடித்தது. கான்சாஸிலிருந்து ரஃபர்ட்டி.

"டேய் வேட்! டிவியில பாத்தேன். கெய்ன்ஸ் பையனைக் கொண்டாந்தது நீதானாமே?"

வேட் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆமாண்ணே. நான்தான்."

"அந்தம்மா ரொம்பக் கறாருன்னு கேள்விப்பட்டேனே. என்ன சொல்லி மசிய வச்சே?"

"ஒண்ணும் இல்லண்ணே. மனசுல இருந்ததை அப்படியே சொன்னேன்."

"எனக்கு அந்த மாதிரி ஆள்தான்டா வேணும். தாக்குதல் ஆட்டம் முழுக்க உன் பொறுப்பு. மார்பரி விடுவாரா?"

"அவருக்கு வருத்தமாத்தான் இருக்கும். நான் பேசிக்கறேண்ணே."

"குடும்பம்?"

"வர்றோம்ணே, எல்லாரும் வர்றோம்," என்றான் வேட். ஷெல்பியிடம் இன்னும் கேட்கவில்லை.